சமையல்கட்டில் படுத்திருந்த பெரியப்பா மகன்

போர்ட் மோர்ஸ்பி நகரத்தில் ஒருவருக்குச் சம்பளம் வர ஆரம்பித்தால் போதும், வீடு நிரம்பிவிடும். சித்தப்பா மகன், அவன் மச்சான், மச்சானின் ஊர்க்காரன் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். போகச் சொல்ல யாருக்கும் வாய் வராது. கோனியோவின் வீட்டை மட்டும் ஒரு ஈ காக்கா எட்டிப் பார்த்ததில்லை.

அவளுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்ததும், ஹனுவாபாடா கிராமத்தில் கடலுக்குள் மரக்கால்கள் ஊன்றிக் கட்டிய அண்ணன் வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு வந்தது. பிறகு அவள் பாய் வெளியே போனது, பின்னாலேயே அவளும். இப்படிப்பட்டவர்களுக்கென்றே நடக்கும் ஒரு சங்கம்தான் நகரத்தின் கெரெஹூ பகுதியில் சின்ன வீடும், ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலையும் பிடித்துக் கொடுத்தது. மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாள், உடம்பு தேறியது. தேறி என்ன, பேச ஆளில்லை.

சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கும்போது எல்லோரும் சொந்தக்காரர்களைத் திட்டுவார்கள். சம்பளக்காரியின் வீடு காலி என்றால் ஏன் என்று கேட்பார்களே! கோனியோவும் திட்டினாள்.

"எங்க வீட்ல மட்டும் என்ன வாழுதாம்? பெரியப்பா மகன் சமையக்கட்டுல படுத்துக் கெடக்கான். காலைல அவனைத் தாண்டித்தான் தண்ணி கொதிக்க வைக்கணும்."

நாளாக ஆக அந்தப் பெரியப்பா மகன் குறட்டை விட்டான், டின் மீனைத் திருடித் தின்றான். பாவம், பொய்யில்கூட அவளுக்குத் துணையாக ஒரு திருடன்தான் வாய்த்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, இஸ்திரி போடும் கெயுவா வீங்கிய கண்ணும் கையில் மூட்டையுமாக வேலைக்கு வந்தாள். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் பாக்கை உடைத்துக் கோனியோவுக்குப் பாதி கொடுத்துச் சுண்ணாம்புப் புட்டியை நீட்டினாள். ஒரே புட்டியில் இருவரும் தொட்டுக்கொண்டார்கள். கோனியோவுக்கு நாள் முழுவதிலும் பிடித்த நேரம் அதுதான்.

"புருஷன்கூட சண்டை. இனிமே அவன் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்."

"எங்கடி போவ?"

"மொராட்டால அக்கா வீடு இருக்கு. அங்க ஏற்கெனவே படுக்க எடமில்லாம உக்காந்துகிட்டேதான் தூங்குறாங்க." கெயுவா சிரித்தாள். "உன்கிட்டதான் வந்திருப்பேன். உன் வீட்லதான் அந்தக் குறட்டைக்காரன் இருக்கானே!"

அவன் இல்லை, யாருமே இல்லை, வாடி என்று சொல்லிவிட வேண்டும். கோனியோவுக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஏன் யாரும் இல்லை என்று கேட்பாளே? காரணத்தைச் சொன்னால் அந்தச் சுண்ணாம்புப் புட்டி இனி இந்தப் பக்கம் நீளுமா?

மொராட்டா பஸ் வந்து நின்றது.

"பேசாம அவனைத் தொரத்தி விட்டுரேன்!" என்றாள் கெயுவா, மூட்டையோடு ஏறிக்கொண்டே.

"சொந்தக்காரங்களை எப்படிடி தொரத்துறது?" என்றாள் கோனியோ.