அக்கா திருத்தச் சொன்ன வரி

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இக்கட்டுரையை மூன்று முறை எழுதினேன். மகளிடம் இரண்டு முறை வாசிக்கக் கொடுத்தேன். அச்சகத்துக்கு அனுப்பிய பிறகும் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, எல்லாப் பக்கமும் வந்து சேர்ந்ததோ?" என்று கேட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அழவைக்க நான் இதை எழுதவில்லை. எங்கள் அக்கா வென்றுவிட்டுப் போனவர். அதை எல்லோரும் அறிய வேண்டும்.

அக்கா மன்னாரில், கடலுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்த வீட்டில், மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா படகு இயந்திரம் திருத்துபவர். சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்லிவிடுவார். அப்பா குடிப்பார். இந்த இரண்டு சொல்லையும் தாளில் எழுத எனக்கு இவ்வளவு வயது போக வேண்டியிருந்தது.

அம்மா காய்ச்சலில் மறைந்தபோது அக்கா பத்தாம் வகுப்பு, நான் எட்டாம் வகுப்பு. வீட்டைப் பார்க்க ஒருவர் வேண்டும். கணிதத்தில் நூறு வாங்குபவர் அக்கா. ஆகவே பள்ளிக்கூடத்தை விட்டு நான் நின்றுகொண்டேன். பின்னேரங்களில் கள்ளு விற்கும் தவறணை வாசலில் நின்று, "அப்பா, சோறு ஆறுது" என்று கூப்பிட்டு அவரை வீட்டுக்குக் கூட்டி வருவதும் என் வேலையாயிற்று.

ஆனால் தவக்காலம் வந்துவிட்டால் அப்பா வேறு மனிதர். விபூதிப் புதன் தொடங்கி உயிர்த்த ஞாயிறு வரை ஒரு சொட்டும் தொடமாட்டார். "பார், நினைச்சால் விடுறார்தானே. மனம்தான் இல்லை" என்று ஊர் சொல்லும். பங்குச் சுவாமியார் அதைப் பாவம் என்றார். பொலிஸ்காரர் குற்றம் என்றார். பல காலத்துக்குப் பிறகு சிட்னி டொக்டர் நோய் என்றார். அக்காவுக்கு இந்த மூன்றில் ஒன்றும் போதவில்லை.

"நாற்பது நாள் விட ஏலுமான மனுசனுக்கு அதுக்கடுத்த நாள் ஏன் ஏலாமல் போகுது?"

பதினாறு வயதில் கேட்ட கேள்வி. கடைசி வரை அதை அவர் விடவில்லை.

யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்று, சிட்னிக்கு வந்து, ஒரு மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் அக்கா வேலை எடுத்தார். நோயாளரின் கோப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய இலக்கத்தைப் போடும் வேலை. திருமணம் செய்யவில்லை. அப்பாவையும் என் குடும்பத்தையும் ஸ்பொன்சர் செய்து எடுத்தார். அப்பா சிட்னி நார்த்மீட்டில் எங்கள் வீட்டில் சில ஆண்டுகளே இருந்தார். அவர் காலமானபோது நாங்கள் போட்ட நினைவு மலர் உங்களில் பலரின் வீட்டில் இருக்கும். அதில், "எமது தந்தையார் திடீர் மாரடைப்பால் எம்மைப் பிரிந்தார்" என்ற வரியை எழுதியவள் நான். டொக்டர் தந்த தாளில் ஈரல் என்று இருந்தது. அச்சுக்குப் போகுமுன் அக்கா அந்த வரியை வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் ஐம்பது வயதைத் தாண்டிய அக்கா பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்தார். மக்களுக்கு உதவிப்பணமும் இலவச மருத்துவமும் கொடுக்கும் அரசுகள், குடியையும் போதையையும் எப்போது, ஏன் நோய் என்று அழைக்கத் தொடங்கின என்ற வரலாறுதான் அவரது ஆய்வு. சிட்னி பிளாக்டவுனில் ஒரு பிறந்தநாள் விழாவில் இது தெரியவந்தது. கையில் கிளாசோடு இருந்த, எங்கள் குடும்ப நண்பரான பிளாக்டவுன் அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார்.

"குடிகாரரைப் பற்றியோ பிள்ளை டொக்டர் பட்டம்? என்னட்டைக் கேட்டிருந்தா ஒரு மணித்தியாலத்தில முழுக்கச் சொல்லியிருப்பன்!"

"கேக்கத்தான் அங்கிள் இருக்கிறன். எத்தனை மணிக்கு வந்தா நிதானமா இருப்பியள்?"

அன்று முதல் அங்கிள் அக்காவின் பெரிய ரசிகர்.

அவுஸ்திரேலியாவைச் சுவீடனோடு ஒப்பிட வேண்டும் என்று பேராசிரியர் சொன்னார். அக்கா பிளாக்டவுன் ரயிலில் போகும்போதும் வரும்போதும் சுவீடிஷ் படித்தார். விடுமுறை நாட்களில் பழைய ஆவணங்கள் வைக்கும் காப்பகத்துக்கு நான் காரில் கொண்டுபோய் விடுவேன். அங்கே பென்சில் மட்டும்தான் கொண்டுபோகலாம். பேனா கண்ணில் பட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அவருடைய கைப்பையை நான் இரண்டு தரம் சோதிப்பேன். "என்னை விட நீதான் ஆராய்ச்சிக்காரி" என்பார்.

குசினியில் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க, அக்கா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்குவார். எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். முன்னொரு காலத்தில் குடித்துவிட்டு வீதியில் விழுந்தவரைச் சிறையில் போட்டார்கள். பிறகு பூட்டிய இல்லங்களில் வைத்தார்கள். பிறகு மருத்துவமனைக் கட்டில் கொடுத்தார்கள். டொக்டரின் தாள் இருந்தால் உதவிப்பணமும் கிடைத்தது. நோய் என்ற சொல் அவர்களைச் சிறையிலிருந்து வெளியே எடுத்தது, அது பெரிய நன்மை என்று அக்கா எப்போதும் சொல்வார். ஆனால் டொக்டர் ஓர் உடம்பை மட்டும் பார்த்தார். அந்த மனிதரைச் சுற்றி இருந்தவர்கள் கோப்பிலிருந்து மறைந்துபோனார்கள்.

"அப்பா தவக்காலத்தில தனிய விடேல்லையடி" என்றார் ஒருநாள். "தவறணையில இருந்த அவ்வளவு பேரும் சேர்ந்து விட்டவை. பின்னேரத்தில எல்லாரும் சிலுவைப்பாதைக்கு வந்தவை. பாஸ்குத் திருநாள் முடிய அவையும் திரும்பிப் போச்சினம், அப்பாவும் போனவர். நாற்பது நாளும் ஊருக்கே வைத்தியம். மிச்ச நாளில அவருக்கு நீ ஒருத்திதான் இருந்தனி."

எனக்குக் கண் கலங்கியது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு அக்கா போய் அப்பாவின் நினைவு மலரை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"நான் மற்ற ஆக்களின்ர பழைய கடதாசியில பொய் பிடிக்கிறவள். இன்னும் நூறு வருசத்தில எங்களைப் பற்றி ஆரும் எழுத வந்தா, அவையின்ர கையில கிடைக்கிறது இதுதான். இந்த வரியைத் திருத்த வேணும்."

"நான் எழுதின வரிதானே அக்கா. என்னை ஏசுங்கோ."

"நானும் வாசிச்சுப்போட்டுப் பேசாமல் இருந்தனான். ரெண்டு பேரும் சேர்ந்துதான் செய்தது. ஆய்வேட்டின்ர முன்னுரையில அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறன். வைக்கட்டோ?"

அப்போது என் மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். மெல்பேர்னில் இருக்கும், தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக் குடும்பம். அவர்கள் அறிந்தால் சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று பயந்தேன். "வேண்டாம் அக்கா. பிள்ளையின்ர வாழ்க்கை" என்றேன். அந்தப் பக்கத்தை அக்கா எனக்கு வாசித்துக் காட்டவில்லை. நானும் வாசிக்கச் சொல்லவில்லை. "நீ ஓம் எண்டால்தான் வைப்பன்" என்று மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஆண்டு அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆய்வேடு முடிய இரண்டு அத்தியாயங்கள் இருந்தன. இருந்து எழுத முடியாதபோது படுத்தபடி சொன்னார், மகள் தட்டச்சுச் செய்தாள். குறிப்பு அட்டைகள் சப்பாத்துப் பெட்டிகளில் கிடந்தன. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத நான் இலக்கத்தைப் பார்த்து ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தேன். அப்படி அடுக்கும்போது பெட்டியின் அடியில் மடித்த தாள் ஒன்று வந்தது. இலக்கம் இல்லை. எந்தப் பெட்டியில் போடுவது என்று மகளிடம் கேட்டேன். அவள் வாசித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இது உங்களைப் பற்றி."

தமிழில் சொல்லச் சொன்னேன். பழைய கோப்புகளில், சிட்னியிலும் சுவீடனிலும், நோயாளியின் பெயருக்குக் கீழே அவரைக் கூட்டி வந்தவர் யார் என்று எழுத ஒரு கோடு இருக்குமாம். மனைவி, தாய், மகள் என்று ஒரு சொல். அதற்கு மேல் அவர்களைப் பற்றி எவரும் எழுதவில்லை. "என் அப்பா குடித்தார். அவரைக் கூட்டி வந்தவள் என் தங்கை. அவள் தவறணை வாசலில் நின்றதால்தான் நான் வகுப்பறையில் இருந்தேன். இந்த ஆய்வு அவளுக்கு." இதுதான் அந்தப் பக்கம். இதைத்தான் நான் வேண்டாம் என்றிருக்கிறேன்.

"மாப்பிள்ளை வீடு?" என்று கேட்டேன். அப்போதும் அந்தப் பயம்தான் வந்தது.

"நான் அவையிட்டை எப்பவோ சொல்லீற்றன் அம்மா. இட்ஸ் ஓகே."

நம்பாமல் சம்பந்தியம்மாவுக்கே போன் எடுத்தேன். அவர் பெருமூச்சு விட்டார். "இதுக்கா சம்பந்தி பயந்தீங்க? எங்க பெரியண்ணன் கதைய உங்ககிட்ட எப்படி சொல்றதுன்னு நான் ஒரு வருஷமா முழிச்சிக்கிட்டு இருக்கேன்!" இரண்டு பேரும் அரை மணி நேரம் சிரித்தோம், கொஞ்சம் அழுதோம்.

அந்தத் தாளை அக்காவின் கட்டிலடிக்குக் கொண்டுபோனேன். "அக்கா, இதை முதல் பக்கத்தில வையுங்கோ." அக்கா என்னை உற்றுப் பார்த்தார். "எல்லாம் சோதிச்சுப் பாத்திட்டியோ?" "ஓம், மூண்டு தரம்." அவர் சிரித்த சிரிப்பு அடுத்த அறைக்குக் கேட்டது.

ஆய்வேடு முழுதாகப் போய்ச் சேர்ந்தது. பரீட்சகர்கள் ஒரு திருத்தமும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கடிதம் வந்தபோது அக்காவுக்கு நல்ல நினைவு இருந்தது. மகளைக் கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்தார். அங்கிள் கட்டிலருகில் வந்து, "என்ர பேரும் கிடக்கோ பிள்ளை?" என்று கேட்க, "அடிக்குறிப்பில அங்கிள், பூதக்கண்ணாடி வேணும்" என்றார். மூன்று கிழமைக்குப் பிறகு, நாங்கள் எல்லோரும் சுற்றி இருக்க, நிம்மதியாக இறைவனிடம் போனார். பட்டமளிப்பு மேடையில் அவர் பெயரைக் கூப்பிட்டபோது ஏறிப்போய் வாங்கியவள் நான். சேலை தடக்கி விழுந்துவிடுவேனோ என்று பயந்தேன். விழவில்லை. மண்டபம் முழுதும் எழுந்து நின்று கைதட்டியது.

அக்காவை வீட்டுக்கு வந்து பராமரித்த தாதியருக்கும், வெள்ளிதோறும் கஞ்சி கொண்டுவந்த பிளாக்டவுன் அங்கிளுக்கும் அன்ரிக்கும், மெல்பேர்னிலிருந்து வந்து எங்களோடு நின்ற சம்பந்தி குடும்பத்துக்கும், பேராசிரியருக்கும், திருப்பலி ஒப்புக்கொடுத்த சுவாமியாருக்கும், மலர்வளையத்தோடும் வெறுங்கையோடும் வந்து எங்களுக்குத் துணைநின்ற அனைவருக்கும் எங்கள் நன்றி.

இனி, அக்கா திருத்தச் சொன்ன வரி.

எமது தந்தையார் மாரடைப்பால் காலமாகவில்லை. பல காலம் குடித்து, ஈரல் பழுதாகிக் காலமானார். நல்ல தந்தையாக இருந்தார். ஒவ்வோர் ஆண்டும் நாற்பது நாள் குடியை விட்டார். அவரைக் கூட்டி வந்தவர்: இளைய மகள்.

பழைய மலரை வீட்டில் வைத்திருப்பவர்கள், தயவுசெய்து இந்தப் பக்கத்தை வெட்டி அதற்குள் வைத்துவிடுங்கள்.