கண்மூடிக் கியர் போடுகிறவர்

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மெக்கானிக் காருக்குள் ஏறுகிறார். ஏறியதும் கண்ணை மூடிக்கொள்கிறார். ஷெட்டில் அவருக்குத் ‘தூங்குமூஞ்சி’ என்று பெயர். குறட்டை ஒன்றுதான் பாக்கி. ஆனால் வெறுங்கால் கிளட்ச் மேலும், கை கியர் மேலும் முழித்துக்கொண்டிருக்கும்.

இன்று வந்திருப்பது நீல நிறக் கிழட்டுக் கார். தகரக் கூரை ஓட்டையில் இறங்கிய வெயில் அதன் முதுகில் பூனைபோலப் படுத்திருக்கிறது. கார்க்காரர் ஜன்னலில் சாய்ந்து பொரிந்து தள்ளுகிறார்.

“மாமனார் குடுத்தது ரெண்டு. ரெண்டும் சொன்ன பேச்சு கேக்காது. பழைய இரும்புக்காரன் வாசல்ல நிக்கிறான். கியர் பாக்ஸைப் பிரிக்கணும்னா சொல்லுங்க, இப்பவே தள்ளிவிட்டுடறேன்.”

உள்ளே பக்கத்து சீட்டில் அவர் மனைவி. அவளுடைய அப்பா ஓட்டிய வண்டி. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல முன்பலகையில் கை வைத்திருந்தாள்.

“கொஞ்சம் சும்மா இருங்க சார். வண்டி பேசுது.”

கார்க்காரர் முனகிக்கொண்டே வாசல் பக்கம் போனார்.

இன்ஜின் அணைந்திருந்தபோது கியர் ஈரச் சோப்புபோல வழுக்கி விழுந்தது. ஓடவிட்டுப் போட்டால், கறகறவென்று பல்லைக் கடித்தது. மெக்கானிக் மறுபடி அணைத்தார், மறுபடி சோப்பு.

“கியர் பெட்டி நல்ல பிள்ளைம்மா,” என்று முணுமுணுத்தார். “அதுல கோளாறுன்னா அணைச்சாலும் அடம் பிடிக்கும். கிளட்ச்தான் முழுசா விடல.”

பெடலை அடிவரை மிதித்தார். அடி வரவில்லை. கெட்டியான தரை இருக்கவேண்டிய இடத்தில் பாதத்துக்கு ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. கனவுக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டியதுபோலச் சிரித்தார். குனிந்து இழுத்தால், தடித்த கம்பளம். ஓரமெல்லாம் கைத்தையல்.

அவள் முகம் வெளுத்தது. “அவருக்குக் கால் சில்லுன்னு ஆயிடுதேன்னு… நான்தான் ரெண்டு மடிப்பா தைச்சுப் போட்டேன். இதுவாண்ணே?”

கம்பளம் போனதும் பெடல் தரையைத் தொட்டது. ஓடுகிற இன்ஜினில் கியர் சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது.

“என்னய்யா கோளாறு?” கார்க்காரர் திரும்பி வந்து ஜன்னலில் தலையை நீட்டினார்.

அவள் கம்பளத்தைக் காலடியில் தள்ளினாள். இது தெரிந்தால் மனுஷன் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்.

“பெட்டியப் பிரிக்க வேணாம் சார். அடியில சின்ன வேலை, இதோ முடிஞ்சிடும்.”

கார்க்காரர் வாசலைப் பார்த்துக் கையை ஆட்டினார். இரும்புக்காரன் நடையைக் கட்டினான். அவள் கம்பளத்தைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள்.

மெக்கானிக் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டிக்கடியில் போய் மல்லாந்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கோளாறும் இல்லாத இடமாகப் பார்த்து, ஸ்பானரால் ணங் ணங்கென்று தட்ட ஆரம்பித்தார்.