பழைய மனுஷனோடு உவரிக்கு

காலை ஆறரை மணி, தச்சநல்லூர். ஆட்டோவில் ஏறும்போதே நாத்தனார் புனிதாவின் போன். "மைனி, அண்ணன் நெசமாவே வருதா?"

"வாராரு, வாராரு. பழைய மனுஷனைக் களைஞ்சிரணும்னு உவரிக்குக் கிளம்பியாச்சு" என்று சொல்லி வைத்தேன்.

பழைய மனுஷன் என்றால் எங்கள் சபைப் பேச்சில் வயசாளி இல்லை. கோபமும் வீம்பும் பழம்பகையுமாக நமக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற ஆள். போன வாரம் எங்கள் கோயிலில் எழுப்புதல் கூட்டம் நடந்தது. என் வீட்டுக்காரர் தங்கராஜ் எழுந்து நின்று, கண்ணீர் வடிய, அவனைக் களைந்துவிட்டதாகச் சாட்சி சொன்னார். சபையே அல்லேலூயா என்றது. நான் சொல்லவில்லை. மைக்கில் களைவது யாருக்கும் வரும்; உவரிக்கு பஸ் ஏறட்டும், பார்ப்போம் என்றிருந்தேன்.

உவரியில் இருக்கிற புனிதா இவருக்கு ஒரே தங்கை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் கடற்கரைக் கத்தோலிக்கரான மிக்கேலைக் கல்யாணம் செய்துகொண்டாள். கும்பிடுவது ஒரே ஆண்டவரைத்தான். ஆனாலும் நாங்கள் சுரூபம், சிலை என்று எதையும் கும்பிடாத வேறு சபை, வேறு சாதி. அப்புறம் கேட்கணுமா! சந்தையில் "உவரி மீன்" என்று கூவினால் இவர் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார். அந்த உவரியில் தங்கச்சி கையால் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

ஆற்றுப்பாலம் ஏறியதும் ஆட்டோ பைய ஓடியது. கீழே தாமிரபரணி நாணலுக்கு நடுவே ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. டிரைவருக்கு முப்பது வயதிருக்கும், நெற்றி நிறைய திருநீறு.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. கரைக்கணும்னா அதுக்குக் கடலுக்கா போவணும்? இந்தா இருக்கு குறுக்குத்துறை. படித்துறை இருக்கு, தண்ணியும் ஓடுது. திருப்பட்டுமா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஆட்டோ சத்தத்தில் 'களைஞ்சிரணும்' அவர் காதில் 'கரைச்சிரணும்' என்று விழுந்திருக்கிறது. அஸ்தி கரைக்கப் போகிறோமாம்! என் மடியில் வேறு, வாயில் வெள்ளைத்துணி கட்டிய பாத்திரம். உள்ளே இருந்தது புனிதாவுக்குப் பிடித்த பலகாரம், முந்திரிக்கொத்து.

சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தேன். அழுகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. "வயசாளியா அண்ணாச்சி?" என்று இவரிடம் கேட்டார்.

"அறுபத்தி மூணு" என்றார் இவர். அது இவருடைய வயது.

"அடப்பாவமே! சாவுற வயசா அது?"

"லேசுல சாவல வே. இருபத்தாறு வருசம் இழுத்துக்கிட்டுக் கெடந்தான்."

புதிய பேருந்து நிலையத்தில் இறங்கியதும், நூற்றைம்பது ரூபாய் பேசிய டிரைவர், நூற்றிருபது போதும் என்றார். முந்திரிக்கொத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லவில்லை. எழவுக் காரியத்தில் அந்த வார்த்தை ஆகாது என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும்.

திசையன்விளை பஸ், ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய். மூலைக்கரைப்பட்டி தாண்டும்வரை நான் நினைத்து நினைத்துச் சிரித்தேன். இட்டமொழிப் பக்கம் செம்மணல் மேடாகத் தேரியும் பனையும் தொடங்கியபோதுதான் பார்த்தேன், இவர் சிரிக்கவே இல்லை.

"அந்தப் பய போயிட்டு வாங்கன்னு சொல்லல, கவனிச்சியா?"

"ஆமா. பாவம், எழவுன்னு நெனைச்சிட்டான்."

"புனிதா கல்யாணத்தன்னைக்கு நானும் போயிட்டு வாரேன்னு சொல்லல. கைகூட நனைக்காம வந்தேன். கோயில் வாசல் வரைக்கும் ஓடி வந்து, சொல்லிட்டாவது போங்கண்ணேன்னு கேட்டா. திரும்பிப் பாக்கல. அவ கல்யாண வீட்டை நான் எழவு வீடாக்கிட்டு வந்தேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திசையன்விளையிலிருந்து உவரி பத்து கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது. தெருவெல்லாம் கடல் மணல், வலை காய்கிற வாடை. மிக்கேல் வாசலிலேயே நின்றார். "தோத்திரம் மச்சான்" என்றார். அது எங்கள் சபைக்காரர்கள் சொல்லும் வணக்கம்; யாரிடமோ கேட்டு வைத்திருக்கிறார். இவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார். உள்ளே மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்தது. இவர் புருவம் ஏறியது. போச்சு, பழைய மனுஷன் எழும்பிட்டான் என்று நினைத்தேன்.

புனிதா அடுக்களை வாசலில் நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. தண்ணீர் கொண்டுவர அவளுக்குப் பயம்.

இவரே கேட்டார். "தாகமா இருக்கு புனிதா."

அவள் செம்பை நீட்டினாள். இவர் வாங்கி முழுசாகக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தா" என்றார். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

சீலா மீன் குழம்பும் சோறுமாக மதியச் சாப்பாடு. டிரைவர் கதையைச் சொன்னேன். மிக்கேலுக்குச் சிரித்துப் புரையேறியது. இவர் அந்தச் சுரூபத்தை நாலைந்து தடவை ஓரக்கண்ணால் பார்த்தார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அதுவே ஒரு உபவாசம்.

மாலை நாலு மணிக்கு மிக்கேல் ஆட்டோ பிடித்து வந்தார். என் பாத்திரத்தில் புனிதா கருவாடு கட்டித் தந்தாள். நான் சொல்லிக்கொண்டு ஏறினேன். இவர் பேசாமல் வந்து உட்கார்ந்தார். ஆட்டோ நகர்ந்தது. வாசலில் நின்ற புனிதா கையை ஆட்டவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். இவ்வளவு தூரம் வந்தும் அந்த ஒரு வார்த்தை வரவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

தெருமுனையில், "நிறுத்து வே" என்றார்.

இறங்கி, செருப்பு மணலில் புதையப் புதைய நடந்தார். பாதி வழியிலேயே தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

"புனிதா! போயிட்டு வாரேன்!"

தச்சநல்லூரில் பால் வாங்கக் கடைக்குப் போகும்போதுகூட இதைத்தான் சொல்லிவிட்டுப் போவார். நானும் காதில் வாங்காமல் ம் என்பேன். அவள் படியிறங்கி ஓடிவந்தாள்.

"போயிட்டு வாங்கண்ணே" என்றாள். "பைய வாங்க. ஆனா வாங்க."