விளக்கின் மேல் வைத்த நன்னாரி சர்பத்: நகரி பக்கத்திலிருந்து திருப்பதிக்கு ஒரு நாள்

திருப்பதிப் பயணத்தைப் பற்றி எழுதுங்கள் என்று இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கோயிலைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மலை ஏறாமல், சாமி பார்க்காமல், ஒரு சர்பத் கடையை வேவு பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு நாளைப் பற்றி நான் எழுதுகிறேன். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லைப் பேச்சு முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த காலம். நயா பைசா வந்துவிட்டது, ஆனால் வாயில் அணாதான் வரும். அன்றைக்கு நான் பாக்கெட் நோட்டில் எழுதி வைத்த நேரமும் தூரமும் செலவும்தான் இங்கே வருகின்றன. வண்டிகளும் கட்டணமும் மாறியிருக்கலாம், வழி மாறவில்லை.

எங்கள் ஊர் ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனிலிருந்து நான்கு மைல். அது மெட்ராஸ் பக்கம் போகுமா, ஆந்திராவிலேயே நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. தெருவில் புது ஆள் ஒருவன் வந்தால், வீட்டில் என்ன பாஷை பேசுகிறோம் என்று கணக்கெடுக்க வந்தவனோ என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். மாடு வாங்க வந்தவனைக்கூட அப்படி விரட்டியிருக்கிறோம். சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். அந்த வருஷங்களில் ஊரே என்னோடு சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

என் தங்கை லோகநாயகிக்குத் திருப்பதியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையன் பெயர் முனிரத்தினம், சொந்தமாகச் சர்பத் கடை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க அவர்கள் வருவதற்கு முன்னால் பெண் வீட்டார் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் போய், பையனின் தொழிலைப் பார்த்துவிட்டு வரவேண்டும். அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் வீட்டில் கிடையாது. லோகா இந்த இடத்தைப் பற்றி வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் தரகர் வந்துவிட்டுப் போன பிறகு மூன்று நாள் அவள் என்னோடு சண்டை போடவே இல்லை. பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு அது போதும். நான் சரி என்று வந்து சொன்னால் கல்யாணம், இல்லை என்றால் இல்லை. எங்கள் அப்பா, நைனா, அப்படித்தான் சொல்லி அனுப்பினார்.

காலை நான்கரைக்கு நடக்க ஆரம்பித்து, ஆறு முப்பத்தைந்து வண்டியைப் பிடித்தேன். மூன்றாம் வகுப்பு, ஒரு ரூபாய் பத்து நயா பைசா. புத்தூரில் நாலு இட்லி. எட்டு பத்துக்கு ரேணிகுண்டா. அங்கே சின்ன லைன் வண்டிக்கு மாறி ஆறு மைல் போனால் திருப்பதி. இறங்கும்போது மணி ஒன்பது இருபத்தைந்து. வாசலில் ஒரு ஜட்காக்காரர், "எக்கடிக்கி சார்? ஏறுங்க, எட்டணா குடுங்க போதும்" என்றார். கடை அரை மைல்தான் என்று தரகர் சொல்லியிருந்தார். எட்டணா கேட்கிறவர் என்னைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார் என்று தோன்றியதால் நடந்தேன். உண்மையில் முக்கால் மைல். தரகரின் முதல் பொய் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு வேண்டும் அல்லவா? ஸ்டேஷன் பக்கத்துக் கடை ஒன்றில் முதலில் ஒரு நன்னாரி சர்பத் வாங்கினேன். பன்னிரண்டு நயா பைசா. செக்கச்செவேல் என்று இருந்தது. பாதி குடித்தேன், நல்ல தித்திப்பு. கைக்குட்டையின் ஒரு முனையை அதில் நனைத்து வைத்துக்கொண்டேன். இப்படியெல்லாம் செய்கிறவனா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். தங்கை வாழ்க்கை.

முனிரத்தினத்தின் கடை ஒரு குறுகலான சந்தில் இருந்தது. வெயில் உள்ளே வராது. பின்சுவருக்குக் கருநீல வர்ணம் அடித்திருந்தார்கள், அதுவே எனக்கு இடித்தது. கடைக்கு யாராவது இருட்டு வர்ணம் அடிப்பார்களா? முன்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். ஒருவர், "ரெண்டு கிளாஸு இவ்வு, ஐஸு கொஞ்சமா போடு" என்று இரண்டு பாஷையிலும் கேட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை, அதன் நடுவில் வட்டமாக ஒரு துளை, துளையின் மேல் பால் நிறக் கண்ணாடி. கிளாஸை அதன் மேல் வைத்து, ஒரு முழ உயரத்திலிருந்து சர்பத்தை மெதுவாக ஊற்றினான் முனிரத்தினம். ஊற்ற ஊற்ற, அடியிலிருந்து வெளிச்சம் கிளாஸில் ஏறியது. ஐஸ் துண்டுகள் மினுங்கின, சப்ஜா விதைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. சர்பத் மாதுளை முத்து நிறத்தில் நின்றது. நிற்கிறவர்கள் பேச்சை விட்டுவிட்டு அதையே பார்த்தார்கள். பலகைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். தகரம் சுற்றிய பெட்டிக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்று எரிந்தது.

காலை பத்து மணிக்கு, பட்டப் பகலில், பல்பு. எனக்குச் சுருக்கென்றது.

ஒரு கிளாஸ் வாங்கினேன், பதினைந்து நயா பைசா. அதைக் கையில் எடுத்துக்கொண்டு சந்து முனைக்கு, வெயிலுக்குப் போனேன். இருபது தப்படி இருக்கும். வெயிலில் தூக்கிப் பிடித்தால் மாதுளையும் இல்லை, முத்தும் இல்லை. மண் கரைத்த தண்ணீர் மாதிரி ஒரு பழுப்பு. ஏரித் தண்ணீர் முதல் மழைக்கு இருக்கிற நிறம். கைக்குட்டையின் இன்னொரு முனையை அதில் நனைத்தேன். அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டேன்: இல்லாததை விளக்கு வைத்துக் காட்டுகிறவன்.

திரும்பி வந்து கிளாஸைப் பலகையில் வைத்தேன். முனிரத்தினத்துக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நிதானமாக என்னைப் பார்த்தான்.

"நகரி பக்கம் பொண்ணு வீட்டுக்காரங்களா?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. தாகத்துக்கு வர்றவங்க இங்கயே நின்னு குடிச்சிட்டுப் போவாங்க. வெயிலுக்குத் தூக்கிக்கினு போயி பாக்கறவங்க பொண்ணு வீட்டுக்காரங்கதான். இதுக்கு முன்ன ரெண்டு பேரு அதே எடத்துல நின்னு பாத்தாங்க."

மாட்டிக்கொண்டதில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அத்தனை பேர் முன்னால் சொன்னேன்: "நல்லதாப் போச்சு. வெளக்கு போட்டு ஏமாத்தறவனுக்கு எங்க வீட்ல பொண்ணு தர்றதா இல்ல. தரகர்கிட்ட சொல்லிடறோம்."

நின்றவர்கள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவன் சண்டைக்கு வரவில்லை. பதினைந்து நயா பைசாவைத் திருப்பிப் பலகையில் வைத்தான். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றான். பிறகு என் கிளாஸைக் கழுவ எடுத்துக்கொண்டு போனான். காசை நான் எடுத்துக்கொள்ளவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பதினொன்றரைக்குத் திருப்பதியில் கிளம்பி, பன்னிரண்டு மணிக்கெல்லாம் ரேணிகுண்டா. ஊருக்கு வண்டி ஒன்று பத்துக்கு. பிளாட்பாரக் குழாயில் கைக்குட்டையை அலசினேன். பழுப்பு முனை இரண்டு கசக்கலில் வெள்ளையாகிவிட்டது. சிவப்பு முனை போகவே இல்லை, கசக்கக் கசக்க ரோஸாகப் பரவியது. பக்கத்தில் ஒரு அம்மா பெரிய வேர்க்கட்டு ஒன்றை இறக்கி வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னா தம்பி, கர்சீப்புக்குக் குங்குமம் வச்சிக்கினு வந்தியா?"

சர்பத் என்றேன்.

"அது சர்பத்து இல்ல, சாயம். ஐப்பசி மழையில நனைச்சாலும் போவாது."

"நன்னாரின்னுதான் போர்டு இருந்திச்சி."

"போர்டு எல்லாக் கடையிலயும் இருக்குது. எங்கிட்ட வேரு வாங்கறவங்க திருப்பதி முச்சூடும் நாலு பேரு. இந்தா, பாரு" என்று கட்டிலிருந்து ஒரு வேரை உருவி என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். "என்னா கலரு இது? மண்ணு கலரு. இத்தக் காச்சனா செவப்பா வருமா?"

வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானையில் கோடைக்குக் கோடை நன்னாரி வேர் கிடக்கும். அந்தப் பழுப்புத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் நான். கடைச் சிவப்பைப் பார்த்துப் பார்த்து, அதுதான் அசல் நிறம் என்று எப்போது நம்ப ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வெயிலில் மண்ணாகத் தெரிந்ததுதான் அசல். எதை வைத்து அவனைத் திருடன் என்றேனோ, அதுவே அவன் சாயம் போடாததற்குச் சாட்சி. பிளாட்பாரத்தில் அத்தனை பேர் நடுவில் எனக்குக் காது சுட்டது.

ஒன்று பத்து வண்டியை விட்டுவிட்டேன். பஸ் பிடித்துத் திருப்பதிக்குத் திரும்பினேன். முப்பத்தைந்து நயா பைசா. இந்தத் தடவை ஜட்காவிலும் ஏறினேன், எட்டணாவுக்குப் பேரம் பேசவில்லை. கடையில் மணி இரண்டு பத்து. கூட்டம் இல்லை. முனிரத்தினம் பால் கண்ணாடியை எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடி இல்லாத துளையில் பல்பு வெறுமனே எரிந்தது.

"மறந்து எதனா வுட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"தப்பு என்னுது" என்றேன். "சாயம் இல்லாததாலதான் அந்தக் கலரு. எனக்கு அப்பறம்தான் தெரிஞ்சிது."

அவன் கண்ணாடியைத் துளையில் பொருத்திவிட்டுப் பேசினான். "மொத ரெண்டு வருசம் பல்பு இல்ல. பக்கத்துக் கடையில செவப்பா இருக்குது, உங்க கடையில சாக்கடைத் தண்ணியாட்டம் இருக்குதுன்னு கையில வாங்கிட்டுத் திருப்பிக் குடுப்பாங்க. சாயம் போடுன்னு எங்க நைனாவே சொன்னாரு. எனக்கு மனசு வரல. ஒரு நாளு சாயங்காலம் பெட்ரோமாக்ஸுக்கு முன்ன ஒரு கிளாஸு வச்சிருந்தேன். பாத்தா இந்தக் கலரு. அது உள்ளயே இருக்கற கலருதான். நான் எதையும் கலக்கல, காட்டறேன்."

"வீட்ல நான் சொல்லிக்கறேன். அடுத்த வெள்ளிக்கெழம நீங்க பொண்ணு பாக்க வரலாம்."

அவன் பலகையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே இன்னொரு தரம் துடைத்தான். "வேணாங்க" என்றான். "கோவத்துல சொல்லல. உங்க தங்கச்சி எப்பிடின்னு எனக்குத் தெரியாது, நல்லவங்களாதான் இருப்பாங்க. ஆனா உங்கள எனக்குத் தெரிஞ்சிபோச்சி. நாளைக்கு எங்க வீட்டுக்கு வருவீங்க. எங்கம்மா சோறு போடுவாங்க. அத்தயும் வெயிலுக்குத் தூக்கிக்கினு போயி பாப்பீங்க. அவங்க தாங்க மாட்டாங்க."

நான் அப்படிச் செய்யமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். செய்வேன் என்று எனக்கே தெரியும், அதனால் சொல்லவில்லை.

ரேணிகுண்டாவில் நான்கு பத்து வண்டி. ஏகாம்பரகுப்பத்தில் இறங்கும்போது ஐந்து நாற்பது. போகவர ஆன மொத்தச் செலவு நான்கு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். நகரி, புத்தூர் வழியாக வருகிறவர்கள் ரேணிகுண்டாவில் இறங்கினால் திருப்பதி பத்து கிலோமீட்டர், பஸ்ஸும் ஆட்டோவும் எந்நேரமும் உண்டு. ஷேர் ஆட்டோவில் ஏறும்முன் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள், இறங்கியபின் கேட்டால் விலை ஏறும். திருச்சானூர் போகும் சாலையில் இப்போது ஜூஸ் கடைகள் நிறைய. கிளாஸுக்கு அடியில் நீல விளக்கு, பச்சை விளக்கு, சுவர் முழுக்கச் சரம் சரமாக எல்லாம் வைத்திருக்கிறார்கள். நீல விளக்கில் வைத்த பாலை நான் இன்றுவரை நம்புவதில்லை. எல்லா விளக்கும் பொய் சொல்வதில்லை, எல்லா விளக்கும் மெய் சொல்வதுமில்லை. நன்னாரி வாங்கினால் சிவப்பாக இருப்பதைத் தள்ளிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கடைக்காரரையே கேளுங்கள். கேட்பதற்குக் காசு கிடையாது, அவருக்கும் மரியாதை. முனிரத்தினத்தின் கடையைத் தேடிப் போகாதீர்கள், அந்தச் சந்தே இப்போது இல்லை.

அன்று நான் வீடு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். நைனாவிடம் உள்ளது உள்ளபடி சொன்னேன், மூன்றாம் மனிதரைத் திட்டுவது போல என்னைத் திட்டிக்கொண்டே சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். லோகா மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அந்த சர்பத்து எப்பிடி இருந்திச்சி?"

பல்பு எத்தனை வாட், கிளாஸ் என்ன விலை, சந்து எத்தனை தப்படி என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் அதையெல்லாம் கேட்கவில்லை.

"நான் குடிக்கல" என்றேன்.

அவள் தவிட்டை இன்னும் இரண்டு சுற்றுக் கலக்கினாள். "வாங்கனது குடிக்கத்தானே" என்றாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தவலையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டாள்.