வரைபடத்தில் சிவந்த ஊர்

மூன்று வருடங்களுக்கு முன், விருதுநகரில் ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தேன். போதைப்பொருள் வழக்குகளையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் சேர்த்து, எந்த ஊரில் குற்றம் அதிகம் என்று வரைபடம் போடுவதுதான் என் ஆய்வு. வறுமை, படிப்பு, வேலை இவற்றுக்கும் குற்றத்துக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிடும் ரெக்ரஷன் முறை கைவந்துவிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு சின்ன ஊர் மட்டும், குற்றம் மிக அதிகம் என்று ரத்தச் சிவப்பாக வந்தது. ஒரு கருத்தரங்கில் அதைப் பெருமையாகக் காட்டினேன். யாரோ படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். வெட்கமில்லாமல் நானும் நாலு பேருக்கு அனுப்பினேன்.

அடுத்த மாதம், கேள்வித்தாளோடு அந்த ஊருக்கே போனேன். பட்டாசு ஆலைக்குப் போயிருக்க வேண்டிய நேரத்தில் பெண்கள் தூக்குவாளியோடு சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் யாரென்று சொன்னதும் ஓர் அக்கா எழுந்து வந்தார்.

“அந்தப் படம் போட்டது நீங்கதானா? கஞ்சா ஊருன்னு கம்பெனி வேன் இங்கன நிக்கிறதே இல்ல. போதையில வெடிமருந்த தொட்டா அம்புட்டுப் பேரும் சாம்பல்தான்னு போர்மேன் சொல்றாரு. எங்க ஊருல யார புடிச்சாக? ஒரு பேரு சொல்லுங்க, பாப்போம்.”

அங்கேயே மடிக்கணினியில் வழக்குப் பட்டியலைத் திறந்தேன். பிடிபட்ட இடம் அந்த ஊர்தான். பிடிபட்டவர்களின் முகவரிகளைப் பார்த்தேன். ஐயோ, ஒருவர்கூட அந்த ஊர்க்காரர் இல்லை! பல ஊர் வேன்களும் பேருந்துகளும் சந்திக்கும் சாலைப் பிரிவான விலக்கு அது; போலீஸ் சோதனை அங்கேதான் நடக்கும். வந்து போகிறவர்கள்மீது போட்ட வழக்குகளை, அங்கே குடியிருக்கும் சொற்பப் பேரின் எண்ணிக்கையால் வகுத்திருக்கிறேன். முகவரியைப் பார்க்க வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

“தப்பு என்னோடதுதான்க்கா” என்றேன்.

“அத எங்ககிட்ட சொல்லி என்ன செய்ய? வேன் அனுப்புறவுககிட்ட சொல்லுங்க” என்றவர், திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்றே படத்தைத் திருத்தி எல்லோருக்கும் அனுப்பினேன். முதல் படத்தைப் பரப்பியவர்கள் இதைச் சீண்டவில்லை. நாலைந்து ஆலைகளில் ஏறி இறங்கினேன். டீ வாங்கிக் கொடுத்தார்கள். “எதுக்கு சார் வம்பு, நம்மது வெடிமருந்து வேலையாச்சே” என்று அனுப்பிவைத்தார்கள். அந்த சீசன் முழுக்க வேன் நிற்கவில்லை. அந்த அக்கா குடும்பத்தோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

திருத்திய வரைபடத்துக்கு எனக்குப் பட்டமும் பாராட்டும் கிடைத்தன; முகவரியைப் பார்க்க வேண்டும் என்ற அந்தப் பாடத்தை ஓர் ஊரின் பிழைப்பைக் கெடுத்துத்தான் படித்தேன் என்று நினைக்கும்போது இன்றும் கூசிப் போகிறேன்.