நம்ம ஆள் ஒருவரை அனுப்பும், ஆண்டவரே

எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. பாறசாலையை அடுத்த கொல்லயிலில், சபைக் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. பாறசாலைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை வராந்தாவில் தையல் மெஷின் போட்டிருந்தேன். திருமணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மனைவிக்கு ஐந்தாம் மாதம்.

மலையாள ராஜ்யத்தில் இருந்த, தமிழ் பேசுகிற தாலுகாக்களைப் பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊரெங்கும் கூட்டமும் ஊர்வலமுமாக இருந்தது. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் அந்தக் கோரிக்கையில் உண்டு. நானும் போனேன். நெஞ்சு நிறைந்துதான் போனேன், அதை இன்றும் மறைக்க மாட்டேன்.

ஒருநாள் கடையடைப்பு. நாங்கள் முப்பது நாற்பது பேர் கடை கடையாகப் போய் அடைக்கச் சொன்னோம். முச்சந்தியில் ஒரு சாயாக்கடை மட்டும் திறந்திருந்தது. நடத்துகிறவர் மலையாளக் குடும்பத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். “அடுப்புல பாலு கெடக்கு, அது தீந்தா நானே அடைப்பேன்” என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் அன்று என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. கீழே கிடந்த கல்லை எடுத்து வீசினேன். வடையும் பழம்பொரியும் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி சில்லுச்சில்லாகச் சிதறியது. அவர் என் முகத்தையே பார்த்தார். சிறிது நேரத்தில் போலீஸ் வந்துவிட்டது. தடியடி. கூட இருந்த நாலைந்து பேரைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். நான் சந்தைக் கூட்டத்தில் நுழைந்து தப்பி வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல மனைவி ஜெபத்துக்கு உட்கார்ந்தாள். எப்போதும் நன்றி சொல்லித்தான் தொடங்குவாள். அன்றும் “உம்முடைய நன்மைகளுக்காக ஸ்தோத்திரம்” என்று ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“எந்த நன்மைக்குப் பிள்ளே ஸ்தோத்திரம்? கூட நிண்ணவனுவள அடிச்சு வண்டியில ஏத்திட்டுப் போறானுவ. அதுக்கா?” என்று கத்திவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். அவள் தனியாக இருந்து ஜெபத்தை முடித்தாள். கல் எறிந்த கதையை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

மறுநாள் காலை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, போலீஸ் வீடு வீடாகத் தேடி வருவதாகப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து சொன்னார். அப்படியே எழுந்து பின்பக்கமாக ஓடினேன். தென்னந்தோப்பு, மரச்சீனிக் கிழங்கு போட்ட விளை நிலம், வாழைத்தோட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டி, காரோடு கிராமத்துப் பக்கம் போய்விட்டால் சொந்தக்காரர் வீட்டில் ஒளிந்துகொள்ளலாம் என்பது கணக்கு. பாதி வழியில் ஆள் புழக்கமில்லாத ஒரு விளை. செடியும் கொடியும் மண்டிக் கிடந்தது. அதற்குள் கால் வைத்ததுதான் தெரியும். அடுத்த நொடி தண்ணீருக்குள் இருந்தேன்.

சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறு. நாலாள் உயரம் இருக்கும். தண்ணீர் மார்பளவு. விழுந்த வேகத்தில் வலது கால் ஏதோ கல்லில் மோதி, முழங்காலுக்குக் கீழே ஒடிந்துவிட்டது. பக்கச்சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு வேரைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்றேன். மேலே பார்த்தால் கொடிகளுக்கு நடுவே ஒரு துண்டு வானம்.

கொஞ்ச நேரத்தில் மேலே பேச்சுக்குரல் கேட்டது. இரண்டு மூன்று பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டு போனார்கள். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் போலீஸாக இருந்தால்? போலீஸ் இல்லாவிட்டாலும், மலையாளம் பேசுகிறவர்கள் என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டால்? நான் தைத்துக் கொடுத்த சட்டைகளில் பாதி மலையாளம் பேசுகிறவர்கள் உடம்பில்தான் இருந்தது. சின்ன வயதிலிருந்து இரண்டு பாஷையும் என் வாயில் ஒன்றாகவே வளர்ந்தவை. என்றாலும் அந்த நாட்களில் மனசு அப்படித்தான் கோணியிருந்தது. குரல்கள் தூரமாகப் போய்த் தேய்ந்தன.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. குளிரில் பல் தந்தியடித்தது. கால் வீங்கி, வேரைப் பிடித்த கை மரத்துப் போயிற்று. “ஆண்டவரே, நம்ம ஆள் ஒருவரை அனுப்பும்” என்று ஜெபித்தேன். அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். யாரும் வரவில்லை. வானத்துண்டில் வெயில் ஏறி, உச்சியைக் கடந்து, ஒருபக்கமாகச் சாய்ந்தது. இரண்டு முறை வேரை விட்டுத் தண்ணீருக்குள் முங்கி எழுந்தேன். மூன்றாவது முறை எழும்ப முடியாது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. பிறக்கப்போகிற பிள்ளையை நினைத்தேன். “யாராக இருந்தாலும் சரி, ஆண்டவரே” என்று சொல்லிவிட்டு, இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் கத்தினேன்.

புல்லறுக்க வந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தார். “ஐயோ, கெணத்துல ஆளு!” என்று அலறிக்கொண்டு ஓடினார். சற்று நேரத்தில் புருஷனோடு வந்தார். பக்கத்து வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேரும் சேற்றுக் கையோடு கூட வந்தார்கள். பலா மரத்தில் கயிற்றைக் கட்டி, அந்த மனிதர் தானே அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

“விடாதே, பிடிச்சுக்கோ. நான் எறங்கி வாறேன்” என்று சொல்லிக்கொண்டேதான் இறங்கினார். என் பக்கத்தில் தண்ணீருக்குள் நின்று, என் முகத்தில் அப்பியிருந்த பாசியைக் கையால் வழித்தார். அப்போதுதான் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்தோம். சாயாக்கடைக்காரர்.

அவர் கை அப்படியே நின்றது. கயிற்றின் நுனி அவருடைய மற்றக் கையில்தான் இருந்தது.

“அண்ணா, நேத்து நான்தான்…” என்று தொடங்கினேன்.

“தெரியும்” என்றார். கயிற்றை என் பக்கம் கொண்டுவந்து, “கையத் தூக்குலே” என்றார்.

தன் தோள் துண்டை என் கக்கத்துக்கு அணைவாகக் கொடுத்து, அதன்மேல் கயிற்றைக் கட்டி, மேலே குரல் கொடுத்தார். அந்தப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து என்னை இழுத்தார்கள். ஒருத்தி தமிழில் “ஏசுவே, ஏசுவே” என்று இழுக்க, இன்னொருத்தி மலையாளத்தில் பகவதியைக் கூப்பிட்டு இழுத்தது என் காதில் விழுந்தது. மேலே வந்ததும் மயங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது மாட்டு வண்டியில் வைக்கோல் மேல் கிடந்தேன். சாயாக்கடை அண்ணன் வண்டியை ஓட்டினார். கிணற்றில் என்னை முதலில் பார்த்த அவர் மனைவி, அந்த அக்கா, என் காலை மடியில் வைத்துப் பிடித்திருந்தார். எலும்பு கட்டுகிற ஆசான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே போக முச்சந்தியைத் தாண்ட வேண்டும். முச்சந்தியில் போலீஸ் நின்றது.

அண்ணன் திரும்பாமலே சொன்னார். “பேசாம கெட. நீ எனக்க பெண்டாட்டிக்க தம்பியாக்கும். மனசிலாச்சா?”

போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, “எந்து பற்றி?” என்று கேட்டார். என்ன ஆயிற்று என்று அர்த்தம். தன் மச்சினன் கிணறு தூர்வார இறங்கி விழுந்துவிட்டான் என்று அண்ணன் மலையாளத்தில் சொன்னார். போலீஸ்காரர் குனிந்து என் காலைப் பார்த்துவிட்டு, என்னிடம் நேராகவே கேட்டார்: “வேதனை உண்டோ?”

“உண்டு, சாரே” என்றேன். அந்த ‘உண்டு’ தமிழா மலையாளமா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அடுத்துப் பெயரைக் கேட்டார். அக்கா முந்திக்கொண்டு தன் சொந்தத் தம்பியின் பெயரைச் சொன்னார். சொல்லும்போது என் நெற்றியைத் தடவிக்கொடுத்தார். போலீஸ்காரர் விலகி நின்று, “வேகம் கொண்டு போ” என்றார். பொய் சொல்லித் தப்பியது சரியா என்று பின்னாளில் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் நெற்றியில் இருந்த கை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

ஆசான் எண்ணெய் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் காலைக் கட்டினார். அக்கா அங்கிருந்து தனியாக நடந்து என் வீட்டுக்குப் போய்ச் சொல்லி, மனைவியைக் கையோடு கூட்டி வந்தார். நான் போலீஸ் கையில் அகப்பட்டுச் செத்துப்போனதாக அதற்குள் ஊரில் பேச்சுப் பரவியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் அழுது தீர்த்தாள். நானும் அழுதேன். கல் எறிந்ததையும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் எழுந்துபோய் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து அவளிடம் கேட்டேன். “நான் செத்துட்டேண்ணு சொன்னப்பவும் ஸ்தோத்திரம் சொன்னியா?”

“சொன்னேன். அழுதுட்டேதான் சொன்னேன்.”

“எப்பிடிப் பிள்ளே வாய் வந்துது?”

“நீங்க இல்லாம ஆனாலும் அவரு மாறவா போறாரு? அந்நேரம் மாறாதது அவரு ஒருத்தருதான் இருந்தாரு. பிடிச்சுக்கிட்டேன்” என்றாள்.



போலீஸ் தேடுதல் ஓரிரு நாளில் ஓய்ந்துவிட்டது. கால் சேர மூன்று மாதம் ஆனது. மெஷினை மிதிக்க முடியாது. அந்த மூன்று மாதமும் வீடு எப்படி ஓடும் என்று நான் கலங்கிக் கிடந்தபோது, ஒரு காலை அக்கா நாலு ரவிக்கைத் துணியோடு வந்து நின்றார். “காலுதானே ஒடிஞ்சுது, கையி உண்டில்லியா?” என்றார். மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தைக் கையால் சுற்றுவாள், நான் துணியை ஓட்டுவேன். முதல் ரவிக்கை கோணல் தையலாகத்தான் வந்தது. அதையே அக்கா போட்டுக்கொண்டு அவர்கள் பக்கத்துப் பெண்களிடமெல்லாம் காட்டியிருக்கிறார். துணிகள் வரத் தொடங்கின. அந்த மாதங்களில் ஒருநாள்கூட எங்கள் அடுப்பு எரியாமல் இருந்ததில்லை.

ஊன்றுகோல் வைத்து நடக்க முடிந்த முதல் நாளே சாயாக்கடைக்குப் போனேன். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். ஏன் என்னைப் போலீஸில் காட்டிக் கொடுக்கவில்லை என்றும் கேட்டேன். அண்ணன் சாயாவை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

“நீ கல்லெறிஞ்சப்ப எனக்குக் கோவம் வந்துது. கெணத்துல ஒன்ன பாத்தப்பவும் வந்துது, இல்லேண்ணு சொல்லல்ல. ஆனா கயிறு எனக்க கையில இருந்துதே. நான் என்ன செய்யட்டு?” பிறகு சிரித்துவிட்டு, “இனி கடைய அடைக்கச் சொல்ல வந்தா, உள்ள வந்து ஒரு சாயா குடிச்சிட்டு சொல்லு” என்றார்.

எங்களுக்கு மகள் பிறந்தபோது அக்காதான் முதலில் கையில் வாங்கினார்.

அதற்குச் சில காலம் கழித்து எல்லை முடிவானது. எங்களுக்குத் தெற்கே விளவங்கோடெல்லாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எங்கள் தாலுகா சேரவில்லை. நாங்கள் இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். அந்தச் செய்தி வந்த நாள் எனக்குச் சாவு வீடு போலத்தான் இருந்தது. நான் நினைத்தது தப்பு என்று அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. என் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தை வீட்டில் நானே எழுதிப் பழக்கினேன். ஆனால் அன்று ஆண்டவரோடு நான் சண்டை போடவில்லை. கேட்டது கிடைக்கவில்லையே என்ற துக்கம் இருந்தது, கைவிடப்பட்டோம் என்ற எண்ணம் மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பலர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். சாட்சி சொல்ல விருப்பமுள்ளவர்கள் எழும்பலாம் என்று போதகர் சொன்னபோது, காலை விந்தி விந்தி முன்னால் போய், கிணற்றில் நடந்ததை முதன்முதலாகச் சபையார் முன்னால் சொன்னேன்.

அதன்பின் எத்தனையோ கஷ்டங்கள் வந்துபோயின. ஒரு பிள்ளையை அடக்கம் செய்தோம், ஒரு மழைக்காலத்தில் வீடு இடிந்தது, என் கண் மங்கி ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது. ஒவ்வொரு முறையும் உதவி வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த வாசல் வழியாக அது வந்தது அபூர்வம். ஆண்டவர் நல்லவர் என்பதில் எனக்கு அதற்குப் பிறகு சந்தேகம் வந்ததே இல்லை. அவருடைய நன்மை யாருடைய முகத்தோடு, எந்தப் பாஷை பேசிக்கொண்டு வர வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுப்பதை மட்டும் அந்த நாளோடு நிறுத்திவிட்டேன்.