கட்டைவிரல் இடைவெளி

வாசில் கொரோலின் வலது கை நடுவிரல் முட்டி மூன்று முறை உடைந்தது.

முதல் முறை இருபத்திரண்டு வயதில், பனிக்கட்டி மைதானத்தில். ஊர் ஹாக்கி அணியில் கோல் போடுவது அவன் வேலை இல்லை. கோல் போடுகிறவனை எவனாவது இடித்தால், இடித்தவனைத் தேடிப் போய் அடிப்பதுதான் அவன் வேலை. பக்கத்து ஊர்க்காரன் ஒருவனின் கடைவாயில் குத்தினான். இரண்டு பல் பனியில் விழுந்தது. வாசிலின் முட்டி உள்ளே இறங்கியது. ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

இரண்டாம் முறை, வேலை பார்த்த மாடு வெட்டும் கொட்டகையில். நெற்றியில் குண்டு வாங்கிய காளை விழுவதற்குப் பதிலாகத் திரும்பி, அவன் கையை இரும்புக் கதவோடு வைத்து நசுக்கியது. இடது கையால் இன்னொரு குண்டு போட்டு, அதைத் தொங்கவிட்டு, தோலை உரித்து முடித்த பிறகுதான் டாக்டரிடம் போனான்.

மூன்றாம் முறை உடைந்தது தங்கை நாடியாவின் புருஷன் டெல்மர் ஃப்ரீசனின் தாடையில். அதற்கு யாரும் கை தட்டவில்லை.

ஐம்பத்து நான்கு வயதில் வாசிலிடம் பதினொரு பழைய ராணுவத் துப்பாக்கிகள் இருந்தன. ஒவ்வொன்றின் காயமும் அவனுக்கு மனப்பாடம். ஜெர்மன் துப்பாக்கியின் கட்டையில் கத்தி பாய்ந்த வெட்டு ஒன்று. ரஷ்யத் துப்பாக்கியின் அடிக்கட்டையில் யாரோ வரிசையாகக் கீறிய ஏழு கோடுகள். அந்தக் கோடுகள் எதைக் கணக்கிட்டவை என்று கேட்டால், "முட்டைக்கோசு மூட்டை" என்பான். சுடாமல் சும்மா மாட்டிவைப்பது அவனுக்குப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை சரளைக் குழிக்குப் போய் அறுபது, எழுபது தோட்டா சுடுவான். பழைய துப்பாக்கியின் உதை பொல்லாதது. திங்கட்கிழமை சட்டையைக் கழற்றினால் தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும்.

பதினொன்றில் அவன் உயிர் ராஸ் துப்பாக்கி. முதல் உலகப் போருக்குக் கனடாக்காரர்கள் தோளில் போட்டுக்கொண்டு போனது. சேற்றில் இறுகிக்கொண்டதால் கைப்பிடியை பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்தார்களாம். அப்படியும் திறக்காமல் எறிந்துவிட்டு, செத்துக் கிடந்த இங்கிலீஷ்காரனின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்களாம். அதைவிடப் பெரிய விஷம் அதன் போல்ட்டில் இருந்தது. தோட்டாவை உள்ளே தள்ளி, பின்பக்கத்தை அடைத்துக்கொள்கிற இரும்புத் தண்டுதான் போல்ட். சுத்தம் செய்யக் கழற்றியவன் அதன் தலையைத் தப்பாகத் திருகி மாட்டினாலும் அது கொஞ்சம் அடம்பிடித்துவிட்டு உள்ளே போய்விடும். ஆனால் பூட்டிக்கொள்ளாது. விசையை இழுத்தால் தோட்டா வெடிக்கும். போல்ட் பின்பக்கமாகப் பறந்து, சுடுகிறவன் முகத்துக்குள் போகும்.

இதை ஊரில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவனே வாசில்தான். "தலைக்கும் உடம்புக்கும் நடுவுல கட்டைவிரல வை. கட்டைவிரல் நுழைஞ்சா சரி. நகம் மட்டும் நுழைஞ்சா, நாடியாகிட்ட சொல்லிட்டுச் சுடு, அடக்கத்துக்குப் பலகாரம் பண்ண அவளுக்கு நேரம் வேணும்."

சரளைக் குழியில் சுடுகிறவர்களின் சங்கத்தில் ஒரு வழக்கம். இலையுதிர் காலப் போட்டியில் தோற்றவன், ஜெயித்தவன் கை காட்டுகிற துப்பாக்கியைத் தன் கையாலேயே கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு, குளிர்காலம் முழுக்க இரவல் தர வேண்டும். ஜெயித்தவன் மே மாதப் போட்டியில் அந்த இரவல் துப்பாக்கியால்தான் சுட வேண்டும். அன்றைக்குத் தோற்றால் திருப்பித் தர வேண்டும்.

அந்த வருஷம் வாசில் இரண்டு புள்ளியில் டெல்மரிடம் தோற்றான். டெல்மர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், சண்டையே பாவம் என்கிற மெனனைட் கிறிஸ்தவ வம்சம். அவன் தாத்தா கொலை ஆயுதத்தைத் தொட மாட்டேன் என்று சொல்லி, போர்க்காலத்தில் மலைக்காட்டில் ரோடு போடப் போனவர். பேரனிடம் பதினான்கு துப்பாக்கி.

"உங்க தாத்தா பாத்தா கல்லறையிலருந்து எந்திரிச்சு வந்து அறைவாரு மாப்ள" என்றான் வாசில்.

"அவரு யாரையும் அறைய மாட்டாரு மச்சான், அதான் எங்களுக்கு வசதி. சரி, அந்த ராஸ எடு. சேறு படாம பாத்துக்கிறேன்."

"வேற எத வேணா கேளு."

"ரெண்டு புள்ளி மச்சான். ராஸ்."

அன்று மாலை வாசில் சமையலறை மேஜையில் ராஸைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். துணியால் துடைக்கவில்லை, உரித்தான். அந்த இரண்டு புள்ளி தொண்டையில் முள்ளாக நின்றது. போல்ட் உள்ளே போக அடம்பிடித்தது. உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். போயிற்று. ஊருக்கெல்லாம் கட்டைவிரலை வைக்கச் சொன்னவன் தன் கட்டைவிரலை வைக்கவில்லை. டெல்மர் அதை வாங்கிக்கொண்டு போய், விசைக்குப் பூட்டுப் போட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டினான். குளிர்காலம் முழுக்க ஒரு தடவைகூடத் தொடவில்லை.

மே மாதம். சரளைக் குழிக்கு மேலே கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளிக் காற்று மண்ணை வாரி அடித்தது. ஓரத்தில் நாடியா பூண்டுத் தொத்திறைச்சியும் வெங்காயமும் வாட்டிக்கொண்டிருந்தாள். முதல் சுற்று நின்று சுடுவது. கோட்டில் ஐந்து பேர், எல்லோர் காதிலும் சத்தம் அடைக்கிற கவசம். அடுத்த வரிசைக்குக் காத்திருந்த வாசில் டெல்மருக்கு நான்கு எட்டு பின்னால், கவசத்தைக் கழுத்தில் தொங்கவிட்டு நின்றான். கோட்டுக்குப் பொறுப்பு ஓய்வுபெற்ற தபால்காரி போனி. அவள் கொடியை இறக்கினாள்.

டெல்மர் போல்ட்டை முன்னே தள்ளினான்.

சரியாகப் பூட்டுகிற ராஸ் கடைசி அரை அங்குலத்தில் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். கை அதை அமுக்க வேண்டும். இது மேஜை இழுப்பறை மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. வாசிலுக்கு அந்த மேஜை ஞாபகம் வந்தது. அந்தத் தட்டு ஞாபகம் வந்தது.

"நிறுத்து" என்று கத்தினான். ஐந்து பேரில் ஒருவனுக்கும் கேட்கவில்லை. டெல்மர் கன்னத்தைக் கட்டையில் வைத்துவிட்டான். துப்பாக்கியைப் பிடித்து இழுத்தால் விரல் விசையோடு சேர்ந்து இழுபடும். முகத்தை அந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும், அதுவும் இப்போதே. நான்கு எட்டு ஓடி, இடது கையால் குழாயை வானத்துக்குத் தள்ளி, வலது கையால் தாடையில் விட்டான். ஹாக்கி நாளில்கூட அப்படி ஒரு குத்து விட்டதில்லை. எலும்பு ஒடிந்த சத்தம் காற்றையும் மீறிக் கேட்டது. துப்பாக்கி வெடிக்காமல் தரையில் விழுந்தது. டெல்மர் அதன் பக்கத்தில் விழுந்தான், தாடை ஒரு பக்கமாகத் தொங்க, வாயிலிருந்து ரத்தம் கொடியாக வழிய.

அடுத்த கணம் இரண்டு பேர் வாசிலைக் கீழே தள்ளி மிதித்தார்கள். விலா எலும்பில் மிதி, முதுகில் மிதி. நாடியா ஓடி வந்து இரும்புக் கரண்டியால் காதில் ஒன்று வைத்தாள். காது கிழிந்தது.

"ரெண்டு புள்ளிக்காடா? ரெண்டு புள்ளிக்கு மனுசனக் கொல்லுவியா?"

"துப்பாக்கியத் தொடாதீங்க" என்றான் வாசில், வாயில் மண்ணோடு. "போல்ட் பூட்டல. சுட்டிருந்தா அவன் மூஞ்சி இருக்காது."

"கோட்டுல நிக்கிறவன் மேல கை வச்சா என்னன்னு உனக்கே தெரியும்" என்றாள் போனி. "ஆயுசுக்கும் உனக்கு இங்க இடம் இல்ல. போலீசுக்கும் சொல்லியாகணும். லைசென்ஸ் போகும், உன் துப்பாக்கி அத்தனையும் போகும். இப்ப வந்து கதை விடுறியா?"

"கதையா இருந்தா இன்னும் மிதிங்க. கட்டி வச்சு ஒரு தடவ சுட்டுப் பாருங்க அக்கா."

போனி யோசித்தாள். எல்லோரையும் லாரிக்குப் பின்னால் போகச் சொன்னாள். பழைய டயரில் ராஸைப் படுக்க வைத்து, குழாயை மண்மேட்டுக்குக் காட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குடுவை. விசையில் நீளமான கயிறு. போனி இழுத்தாள்.

குடுவை இருந்த இடத்தில் குடுவை இல்லை. தண்ணீர் லாரியின் கண்ணாடி வரை தெறித்தது. துப்பாக்கிக் கட்டை கைப்பிடியோடு இரண்டாகப் பிளந்தது. போல்ட் பத்தடி பின்னால் சரளையில் புகையோடு செருகி நின்றது.

டெல்மர் தாடையைத் துண்டால் தாங்கிக்கொண்டு, ஒழுகுகிற குடுவைத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மிதித்தவர்களில் ஒருவன் வாசில் சட்டையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். "டெல்மர்தான் கழட்டித் தப்பா மாட்டியிருப்பான். இவன் காப்பாத்தியிருக்கான்யா."

வழி திறந்தே கிடந்தது. டெல்மரால் வாயைத் திறக்க முடியாது. வாசில் சும்மா இருந்தால் போதும். போனி போலீசுக்குப் போக மாட்டாள், துப்பாக்கிகள் வீட்டில் இருக்கும், நாளைக்கு ஊரே அவனுக்குச் சாராயம் வாங்கித் தரும்.

"யாருண்ணே கழட்டுனது?" என்றாள் நாடியா.

வாசில் உடைந்த முட்டியைப் பார்த்தான். அது இட்லி மாதிரி வீங்கியிருந்தது.

"அவன் கழட்டல. பூட்டுனது பூட்டுனபடிதான் வச்சிருந்தான். நான் மாட்டுனதுதான்."

"வேணும்னா?"

"கோவத்துல. கட்டைவிரல வச்சுப் பாக்கல."

"கோவத்துல என்னை முண்டச்சியாக்க இருந்த." அவள் கரண்டியை மறுபடி ஓங்கினாள். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, புருஷனைக் கைத்தாங்கலாகக் காருக்கு நடத்திப் போனாள்.

போனி போலீசுக்கு இரண்டையும் சொன்னாள், குத்தையும் காரணத்தையும். வேண்டுமென்றே செய்தானா என்று மூன்று நாள் துருவினார்கள். ஐந்து வருஷத்துக்கு லைசென்ஸ் இல்லை என்று முடிந்தது. பத்துத் துப்பாக்கியும் போலீஸ் வண்டியில் ஏறின. கொட்டகையில் மாட்டுக்குக் குண்டு போடுகிற வேலையும் போயிற்று. இப்போது கத்தி வேலை மட்டும்.

ஜூலை மாதம் ஒரு மத்தியானம் வாசில் ஒரு பசுவின் விலாவைப் பிளந்துகொண்டிருந்தபோது டெல்மர் உள்ளே வந்தான். தாடையில் இன்னும் கம்பிக் கட்டு. பல்லுக்கு நடுவில்தான் பேச்சு வந்தது.

"இரவல் வாங்கினத... துடைச்சுத் திருப்பித் தரணும்ல."

ஃபிளானல் துணியை மேஜையில் விரித்தான். ராஸின் போல்ட். வளைந்திருந்தது, ஆனால் எண்ணெயில் மினுங்கியது.

"மாட்டிட்டேன். பாரு."

வாசில் கையிலிருந்த ரத்தத்தை மேலங்கியில் துடைத்துவிட்டு, தலைக்கும் உடம்புக்கும் நடுவில் கட்டைவிரலை வைத்தான். நுழைந்தது.

"சாப்பாடு எப்படி மாப்ள?"

"குழாய்ல. தொத்திறைச்சிய அரைச்சுக் குடிக்கிறேன்... உன் தங்கச்சி சமையல் அப்படியும் கெடல." டெல்மர் கண்ணாடியைக் கழற்றி பைக்குள் வைத்தான். "தாத்தா மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வாசிலின் வாயில் ஒரு குத்து விட்டான்.

பஸ் ஓட்டுகிறவனின் மெத்தென்ற கை. இருந்தும் உதடு கிழிந்தது. வாசிலின் முஷ்டி தானாக மடங்கியது. மூன்று முறை உடைந்த முட்டி முழுசாக மடங்கவில்லை. கையை மேஜையில் வைத்தான்.

டெல்மர் விரலை உதறிக்கொண்டே, "இவ்ளோ வலிக்குமா?" என்றான்.

"கட்டைவிரல உள்ள மடக்கியிருக்க" என்றான் வாசில், ரத்தத்தைத் துப்பிவிட்டு. "கட்டைவிரல் வெளிய இருக்கணும். கொண்டா, பாப்போம்."